அக்காள் மேல் நிற்கும் வெயில்

ஸர்நிகாரை யர்ஸீன் ஊரில் யாரும் ஸர்நிகார் என்று சொல்வதில்லை. 'மலையேறியோட பொண்டாட்டி' என்றால்தான் தெரியும். இத்தனைக்கும் அவள் கோடை தவறாமல் யாக் மந்தையை ஓட்டிக்கொண்டு, வெளிநாட்டு மலையேறிகள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிற கணவாயை, முதுகில் மத்துப்பானையைக் கட்டிக்கொண்டு தாண்டியவள். பானைக்குப் பதில் கைப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு தாண்டிய வருஷமும் உண்டு. அதற்கெல்லாம் யார் பட்டம் கொடுக்கிறார்கள்? வேலைக்காக ஏறினால் அது பிழைப்பு. வேலை இல்லாமல் ஏறினால்தான் மலையேற்றம்!

பட்டம் அவள் புருஷன் நியத் ஷாவுக்கு. ஊருக்கு நேர் எதிரே, பனியாறு தொடங்குகிற இடத்தில், வெள்ளைக் கூம்பாக நிற்கிறது ருக்ன் சர். காலையில் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அவன் மீசை முளைத்த வயதில், ஆஸ்திரியாக்காரர் ஒருவர் அதில் ஏற வந்தார். கூலிக்கு மூட்டை தூக்கப் போன நியத் ஷாவின் கால் வலுவைப் பார்த்துவிட்டு, கயிற்றில் தன் பின்னால் கட்டி உச்சிக்கே கூட்டிப்போனார். இருவரும் அங்கே ஓர் இரும்புக் கம்பியை அடித்துவிட்டு இறங்கினார்கள். இறங்கும்போது பனி கடித்து நியத் ஷாவின் இடக்கையில் இரண்டு விரல் நுனிகள் போயின.

அதற்குப் பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். பனிச்சரிவு அவர்கள் கூடாரத்தையே வாரிக்கொண்டு போக, உயிர் தப்பினால் போதும் என்று திரும்பினார்கள். போலந்துக்காரர்கள் பாதி வழியில் புயலில் மாட்டி, ஊர் வந்து நான்கு நாள் தூங்கிவிட்டுப் போனார்கள். ஆக, உச்சியைத் தொட்டவர்கள் அந்த இரண்டு பேர்தான். ஆஸ்திரியாக்காரர் காலமாகிவிட்டார். மிச்சம் நியத் ஷா.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பிரியமான ஒருவர் பெயரால் பாதை போடுவார்கள், பாலம் கட்டுவார்கள். ஆட்டை அடித்துச் சோறு போட்டால் ஊரே வந்து கல் சுமக்கும். நியத் ஷாவின் அப்பா மகன் பெயரால் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டினார். 'ருக்ன் சர் உச்சியைத் தொட்ட நியத் ஷாவின் பெயரால்' என்று பலகையும் வைத்தார். அந்தப் பாலத்தின் மேல் நடந்துதான் அடுத்த வருஷம் ஸர்நிகார் மணப்பெண்ணாக வந்தாள். வரும்போதே தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

அந்த நிமிர்வு ஒரு கோடைகூடத் தாங்கவில்லை.

கோடையில் பெண்கள் மந்தையோடு கணவாய்க்கு அப்பால் உள்ள மேய்ச்சல் மேட்டுக்குப் போய்விடுவார்கள். இலையுதிரும்போதுதான் திரும்புவார்கள். அதுவரை ஆண்களுக்கு அங்கே வேலையில்லை. வந்தால் பால் திரிந்துபோகும், மலைத்தேவதைகளுக்கு ஆகாது என்பார்கள். தேவதைகளுக்கு ஆகாதோ பெண்களுக்கு ஆகாதோ, யார் கேட்டது? அந்த மேட்டிலிருந்து பார்த்தால் ருக்ன் சரின் பக்கவாட்டுத் தோற்றம் தெரியும். போன முதல் நாளே ஸர்நிகார் வெள்ளைக் கூம்பைக் கண்டுபிடித்து, "அதோ, அதோ! எங்க வீட்டுக்காரர் ஏறினது!" என்று கைநீட்டினாள்.

பால் கறந்துகொண்டிருந்த பெண்கள் அப்படியே உட்கார்ந்து சிரித்தார்கள். ஒருத்திக்குச் செம்பே கவிழ்ந்துவிட்டது. நியத் ஷாவின் கூடப்பிறந்த அக்கா ஹூர்பீபிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அடியே, நல்லாப் பாரு. அது தங்கச்சி. பின்னாடி நிக்கிறாளே கறுப்பா, அவதான் அக்கா. என் தம்பி வாசல்படியைத் தொட்டுட்டு வீட்டுக்குள்ள போயிட்டு வந்தேன்னு சொல்லிட்டுத் திரியிறான்."

ஸர்நிகார் பார்த்தாள். கூம்பின் முதுகிலிருந்து கத்திபோல ஒரு பனிமுகடு பின்னால் ஓடி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி எழுந்து ஒரு கறுத்த பாறைத் தலையில் முடிந்தது. ஊரிலிருந்து பார்த்தால் கிட்டே நிற்கிற தங்கை தூரத்தில் நிற்கிற அக்காளை முழுசாக மறைத்துவிடுகிறாள். எது உயரம் என்று சண்டை போடவும் வழியில்லை. சாயங்காலம் தங்கை மேல் வெயில் அணைந்த பிறகும், ஒரு யாக்கைக் கறந்து முடிக்கிற நேரம் அக்காள் மேல் வெயில் நிற்கும். அங்கே மாலைக் கறவைக்கு அதுதான் கடிகாரம்.

நியத் ஷா பொய் சொல்லவில்லை. அவர்கள் ஏறிய அன்று சுற்றிலும் மேகம். நிற்கிற இடத்துக்கு மேலே எதுவும் தெரியவில்லை. ஆஸ்திரியாக்காரர் கைகுலுக்கினார், அவன் அழுதான், கம்பியை அடித்தார்கள். அவ்வளவுதான். ஆண்கள் பின்பக்கம் போனதில்லை, போன பெண்கள் சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை? அதற்கும் ஒரு வழக்கம். மந்தையோடு இறங்கும்போது கணவாயின் உச்சியில் இருக்கிற கற்குவியலில் ஒவ்வொருத்தியும் ஒரு கல் வைப்பாள். கோடையில் பேசிய பேச்சு, போட்ட சண்டை, சிரித்த சிரிப்பு எல்லாம் அந்தக் கல்லுக்கு அடியில். ஒரு வார்த்தை ஊருக்குள் இறங்கக் கூடாது. இல்லையென்றால் ஒரு கோடை முழுக்க ஒரே குடிசையில் பத்துப் பெண்கள் குடித்தனம் நடத்த முடியுமா? நாக்கு நீளமான ஹூர்பீபியே அந்தக் கல்லை மீறியதில்லை.

ஸர்நிகாரும் கல்லை வைத்துவிட்டு இறங்கினாள். அந்தக் குளிர்காலத்தில் அடுப்பைச் சுற்றி விருந்தாளிகள். நியத் ஷா கதை சொன்னான். எத்தனை முறை சொன்ன கதை! "கடைசியில ஒரு அடி எடுத்து வெச்சேன். அதுக்கு மேல வானம்தான். வேற ஒண்ணும் இல்ல" என்று முடிப்பான். முடிக்கும்போது இல்லாத விரல் நுனிகளை இன்னொரு கையால் தடவுவான். அவன் முகத்தை அப்போது பார்க்க அவளால் முடியவில்லை. எழுந்து போய் அடுப்பில் விறகு போட்டாள். அன்று தொடங்கிய பழக்கம். கதை 'கடைசியில ஒரு அடி'க்கு வரும், அவள் விறகுக்கு எழுவாள். தலை நரைக்கும்வரை இதே கூத்து. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒரு ஆயுசு ஓடிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு ஷாபரி வளர்ந்தாள்.

கடைக்குட்டி. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் கோடையில் நடக்கும், குளிருக்குத்தான் விடுமுறை. ஐந்து வயதில் பையைத் தூக்கியவள் அதற்குப் பிறகு மேய்ச்சல் மேட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் குளிர்காலத்தில் உறைந்த அருவியில் பனிக்கோடாரியால் கொத்தி ஏறப் பழகினாள். கூட மூன்று தோழிகள். நான்கு பெண்களுமாக அந்த வருஷக் கோடையில் ருக்ன் சர் ஏறப்போவதாக அறிவித்தார்கள். ஊரில் பாதிப் பேர் வாயைப் பிளந்தார்கள், மீதிப் பேர் வாயை வாடகைக்கு விட்டார்கள். நியத் ஷாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"நேரா என் வழியிலயே போ. மேல கம்பி இருக்கும். அதைத் தொட்டுட்டு அப்பா சலாம் சொன்னார்னு சொல்லிட்டு இறங்கிடு" என்றான்.

"அவ்வளவுதானாப்பா? அதுக்கு மேல?"

"அதுக்கு மேல அல்லா இருக்கார். அவரைத் தொந்தரவு பண்ணாதே."

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஸர்நிகார் தட்டிய ரொட்டியையே மறுபடி தட்டினாள். இத்தனை நாள் மறைத்தது புருஷனிடம். அது அவன் மனசுக்காக. இனி மகளுமா? இவள் கம்பியைத் தொட்டுவிட்டு வருவாள், ஊர் மாலை போடும், மேட்டில் இன்னொரு தலைமுறை செம்பைக் கவிழ்த்துச் சிரிக்கும். வானம் தெளிவாக இருந்தால் அது இன்னும் மோசம். எதிரே அக்காளைப் பார்த்துவிட்டு, போதுமான கயிறும் சாப்பாடும் இல்லாமல் அந்தக் கத்திமுகட்டில் காலை வைப்பாள். இவள் வைக்கக்கூடியவள். பெற்றவளுக்குத் தெரியாதா?

மந்தையோடு மேட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஹூர்பீபியிடம் சொல்லி அழுதாள். ஊரில் பேசக் கூடாதது, இங்கே பேசலாம்.

"பொண்ணை இங்க கூட்டிட்டு வந்து காட்டிடேன்" என்றாள் ஹூர்பீபி.

"காட்டலாம் மதினி. அவ மேல போவா. அப்பன் போகாத இடத்துக்குப் பொண்ணு போயிட்டான்னு அந்த மனுஷன் ஊர்க்காரன் வாயால கேக்கணுமா? பாலத்து மேல நின்னு கேக்கணுமா?"

ஹூர்பீபி காய்ந்த தயிர்க்கட்டியைக் கடித்தபடி யோசித்தாள். "பேச்சுதானே கீழ இறங்கக் கூடாது? ஆளு மேல ஏறக் கூடாதுன்னு இல்லையே. பொண்டாட்டி சுமையைத் தூக்கிட்டு வர்ற ஆம்பளையை விடலாம். ஒரு நாள் பால் கறக்கணும், எல்லாருகிட்டயும் ஏச்சு வாங்கணும். அப்புறம் பால் திரியாது."

"அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

"எங்க அத்தை காலத்துல இருந்துச்சு. இல்லேன்னாலும் இப்ப இருக்கு. போய் என் தம்பியை ஓட்டிட்டு வா."

மாவு வாங்க இறங்கிய ஸர்நிகார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். இந்தத் தடவை மூட்டையைத் தூக்க முடியாது என்றாள். நியத் ஷா முணுமுணுத்துக்கொண்டே தூக்கினான். "ருக்ன் சர் ஏறினவன் மாவு மூட்டை தூக்குறேன். வெளிய சொல்லாதே." கணவாய் ஏறும்போது அவள் முழங்கால் எங்கே வலிக்கிறது என்பதையே மறந்துபோய் முன்னால் நடந்தாள். அவன்தான் பின்னால் இரைத்துக்கொண்டு வந்தான்.

மேட்டில் அவனுக்குக் கிடைத்த வரவேற்பு ஜன்மத்துக்கும் போதும். இருக்கிறதிலேயே முரட்டு யாக்கைக் கறக்கக் கொடுத்தார்கள். எட்டு விரலால் கறந்தால் எப்படியோ, அதற்கு அவனைப் பிடிக்கவில்லை. ஓர் உதை விட்டது.

"மலையேறி விழுந்தாச்சு!" என்று கத்தினாள் ஒருத்தி.

"கயிறு கட்டி இழுங்கடி!" என்றாள் இன்னொருத்தி.

"என் தம்பி பனியில நிப்பான், சாணியில நிக்க மாட்டான்" என்றாள் ஹூர்பீபி. நியத் ஷாவும் சேர்ந்து சிரித்தான். அதைப் பார்க்க மாட்டாமல் ஸர்நிகார் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. மூடியே இருக்கட்டும் என்று ஒரு மனசு வேண்டியது. விலகட்டும் என்று இன்னொரு மனசு வேண்டியது.

மாலைக் கறவை நேரத்தில் காற்று எழுந்து மேகத்தை வழித்தெடுத்தது. முதலில் வெள்ளைக் கூம்பு வந்தது. "ஆ, என்னோடவ!" என்றான் நியத் ஷா, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு. பிறகு முகடு வந்தது. பிறகு அக்காள் வந்தாள். அவன் வாயில் சிரிப்பு இருந்தபடியே நின்றுவிட்டது. கூம்பின் மேல் வெயில் சிவந்து, சாம்பலாகி, அணைந்தது. பின்னால் பாறைத்தலை மட்டும் எரிந்துகொண்டு நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறந்ததிலிருந்து வாய் மூடாத ஹூர்பீபி வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு யாக் தும்மியது.

வெயில் போன பிறகுதான் அவன் திரும்பினான். "எத்தனை நாளாத் தெரியும்?"

"கல்யாணமான முதல் கோடையிலேருந்து."

"நான் கதை சொல்றப்பல்லாம் நீ விறகு போட எந்திரிச்சியே..."

"ஆமா, ஷாபரி அப்பா."

"அடுப்புக்கு அவ்வளவு விறகா தேவைப்பட்டுச்சு!" என்றான். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அழுதாள். அவன் செம்பைக் கீழே வைத்துவிட்டு, பாக்கியிருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தான். கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

விடிந்து அவள் எழுந்து பார்த்தால் போர்வை மடித்திருக்கிறது, ஆளைக் காணோம். பாவி, ஒரே ஒரு ஆணுடைய பெருமையைக் கட்டிக்காக்க ஊர்ப் பெண்கள் எல்லாம் வாயைக் கட்டியிருந்தார்கள், நான் போட்டு உடைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். கணவாய்ப் பாதையில் இல்லை. எதிர்ச் சரிவில், ஆற்றுக்கு மேலே ஒரு பாறையில் இருந்தான். கோபித்துக்கொண்டு உட்கார்ந்தவன் மாதிரி இல்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, மாடு வாங்கப் போனவன் மாட்டைப் பார்ப்பதுபோல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க வா" என்றான் திரும்பாமலே. "அந்தப் பள்ளம் தெரியுதா? அங்க கூடாரம் போட இடம் இருக்கு. முகட்டோட வலப்பக்கம் பனி வெளியே தொங்குது, கால் வெச்சா ஆளோட போகும். இடப்பக்கமா ஒட்டிப் போகணும். அவங்க வெச்சிருக்கிற கயிறு பத்தாது. ஒரு நாள் சாப்பாடு கூட வேணும். கம்பியைத் தொட்டுட்டு வான்னு சொல்லிட்டேனே, முட்டாள்!"

ஸர்நிகார் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கல்லுக்கு அடியில வெச்ச பேச்சு. கீழ போய் எப்படிச் சொல்றது?"

"அது உங்க பேச்சு. நான் யார் சொல்லியும் கேக்கலை, என் கண்ணால பார்த்தேன். அதை நான் யாருக்கு வேணா சொல்லுவேன்."

"வலிக்கலையா?"

"வலிக்காம? விரல் போனப்பக்கூட இப்படி வலிக்கலை" என்றான். மறுபடி மலையைப் பார்த்து, "நல்ல மலைடி. நான் நினைச்சதை விடப் பெரிய மலை" என்றான்.

கூடுதல் கயிறும் இன்னொரு நாள் சாப்பாடும் கட்டிக்கொண்டு நான்கு பெண்களும் புறப்பட்ட அன்று பாலத்தின் மேல் ஊர் கூடியது. நியத் ஷா தன் பலகைக்குப் பக்கத்தில் நின்றே சொன்னான். தான் போனது தங்கை வரைக்கும்தான், உச்சி அதற்குப் பின்னால் இருக்கிறது என்றான். கூட்டத்தில் ஒருவன், இப்படிப்பட்டவன் எல்லா ஊரிலும் இருப்பான், "அப்ப பாலத்தை இடிச்சிரலாமா?" என்றான்.

"இடிச்சிட்டு நீ நீந்தி வா" என்றான் நியத் ஷா. "பேர் வேணும்னா அழிச்சுக்கோ. பாலம் எங்கப்பா கட்டினது." ஊரே சிரித்தது. பேரை யாரும் அழிக்கவில்லை.

ஷாபரி கயிற்றைத் தோளில் மாட்டியபடி அப்பாவையே பார்த்தாள். "நான் கம்பியோட நின்னுடட்டுமா அப்பா? உங்களுக்கு..."

"கன்னத்துல அறைவேன். நான் நின்ன இடத்துலேருந்து நீ ஆரம்பி. மேல போனதும் உங்கம்மா பக்கம் கண்ணாடியைக் காட்டு. அவ ரொம்ப நாளாப் பார்த்துட்டிருக்கா."

அவன் மத்துப்பானையைத் தூக்கிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே மறுபடி மேட்டுக்கு வந்தான். பெண்கள் திட்டிக்கொண்டே கறவைக்கு யாக்கைக் கொடுத்தார்கள். மூன்று நாளாக மேகம். ஸர்நிகார் கடைந்த வெண்ணெயில் உப்பை இரண்டு தரம் போட்டாள். ஒருவரும் குறை சொல்லாமல் தின்றார்கள். நியத் ஷா பாறைக்கும் குடிசைக்குமாக நடந்தான். நடந்த தடம் புல்லில் தெரிந்தது.

மறுநாள் காலைக் கறவையின்போது வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. ஸர்நிகார் யாக்கின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக் கறந்துகொண்டிருந்தாள். பார்க்கத் தைரியமில்லை. திடீரென்று ஹூர்பீபி போட்ட அலறலில் மந்தையே மிரண்டது. "அடியே! அக்காளோட மூக்குத்தி!"

கறுத்த பாறைத்தலையின் உச்சந்தலையில் ஒரு பொட்டு வெளிச்சம். அணைந்தது. மறுபடி மின்னியது. பெண்கள் செம்பில் தட்டினார்கள், பானையில் தட்டினார்கள், ஒருத்தி நியத் ஷாவின் முதுகிலேயே தட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றி மலையைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தான், அங்கிருந்து அது தெரியப்போவதைப்போல. கண்ணீர் மீசையில் இறங்கி நின்றது. ஸர்நிகார் கறந்த பாலை எடுத்துக்கொண்டுபோய் மலைப் பக்கம் பார்த்துக் கொஞ்சம் ஊற்றினாள். தேவதைகளுக்கோ மகளுக்கோ, அவளுக்கே தெரியாது.

நான்கு பேரும் முழு விரல்களோடு இறங்கி வந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் கணவாயில் கல் வைக்கும்போது ஸர்நிகார் சின்னதாக ஒன்றைத்தான் எடுத்தாள். மதினியோடு போட்ட ஒரு சண்டை மட்டும்தான் அதற்கு அடியில் வைக்க இருந்தது.

குளிர்காலத்தில் அடுப்பைச் சுற்றி ஆட்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஷாபரியின் கதையைக் கேட்க வந்த கூட்டம். அவள்தான், "அப்பா முதல்ல உங்க பாதியைச் சொல்லுங்க, நான் அங்கேருந்து எடுத்துக்கிறேன்" என்றாள். நியத் ஷா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். ஆஸ்திரியாக்காரர் வந்தார், கயிறு கட்டினார், மேகம் சூழ்ந்தது. "கடைசியில ஒரு அடி எடுத்து வெச்சேன். அதுக்கு மேல மேகம். மேகத்துக்குள்ள அக்கா நின்னுட்டிருந்திருக்கா, எனக்குத் தெரியலை" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தான். அடுப்பில் தணல் சாம்பல் பூத்திருந்தது. குளிர் உறைத்தது.

"அடியே, விறகு போடலையா? அணையுது பாரு."

"நீங்களே போடுங்க" என்றாள் ஸர்நிகார், காலை நீட்டி நன்றாகச் சாய்ந்துகொண்டு. "நான் கதை கேக்கிறேன்."